படத்தில் இருப்பது எந்த மிளகு? காட்டு மிளகுக் கொடிகளை அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்தில் ஏறிய ஒரு பச்சைக் கொடி. பாதி இலை வெயிலில் வெளுத்துப்போயிருக்கும், மீதி இலை நிழலில் கறுத்திருக்கும். கீழே ஒரு வரி: ‘இது என்ன மிளகு?’ இப்படிப் படங்கள் என் கைபேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எங்கள் வீட்டு மிளகுத் தோட்டம் கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. அதைத் தாண்டிய சோலைகளில் கொடிகளைத் தேடி அலைவது என் பழக்கம். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நண்பர்கள் நம்புகிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அலுத்துப்போய் இதைத் தொகுத்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையையும் அதைச் சுற்றிய குன்றுகளையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

1. காட்டு மிளகு என்பது ஒரே செடிதானே? அதில் என்ன இனம் பிரிக்க இருக்கிறது?

ஒரே செடி அல்ல. நாம் சமையலில் போடும் மிளகின் அறிவியல் பெயர் பைப்பர் நைக்ரம். அதன் பிறப்பிடமே மேற்குத் தொடர்ச்சி மலைதான். காட்டில் இன்றும் தானாக வளர்கிறது. அதே காட்டில், அதே மரத்தில்கூட, அதன் உறவுக்கொடிகள் ஏறியிருக்கும். திப்பிலி ஓர் உறவு, வெற்றிலை இன்னோர் உறவு. இவை தவிர, ஊருக்குள் தனிப்பெயர் இல்லாத பைப்பர் இனங்கள் பல உண்டு. அவை அத்தனையையும் மலையில் ‘காட்டு மிளகு’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். குழப்பம் தொடங்கும் இடம் அதுதான்.

உலகம் முழுவதும் எடுத்தால் பைப்பர் பேரினத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நல்ல வேளையாக நம் மலைக்கு அவ்வளவு தேவையில்லை.

2. முதலில் இது மிளகுக் குடும்பம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெற்றிலை மாதிரி இலை இருந்தால் போதாதா?

போதாது. வெற்றிலை போன்ற இலையைக் காட்டி ஏமாற்றும் கொடிகள் ஏராளம். வந்த படங்களில் நான் அடிக்கடி பார்ப்பவை சீந்தில், காட்டு வள்ளிக்கொடி, வீட்டிலிருந்து வெளியேறி மரமேறிவிட்ட மணி பிளான்ட்.

இலையை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்கள். பைப்பர் கொடியில் கணுக்கள் முழங்கால் போலப் புடைத்திருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஒரே ஓர் இலை, மாறி மாறி. ஏறும் தண்டின் கணுவிலிருந்து சிறு பற்றுவேர்கள் கிளம்பி மரப்பட்டையை இறுகப் பிடித்திருக்கும். வள்ளிக்கொடி அப்படி ஒட்டாது, சுற்றிக்கொண்டு ஏறும். சீந்தில் தண்டில் கரடு தட்டியிருக்கும். அதன் மெல்லிய விழுதுகள் காற்றில் தொங்கும், பட்டையைப் பிடிக்காது. கம்பி போன்ற பற்றுச்சுருளோ முள்ளோ தெரிந்தால் அது மிளகே அல்ல.

கதிர், அதாவது குச்சி போன்ற பூங்கொத்து, இருந்தால் சந்தேகமே வேண்டாம். பெரும்பாலான செடிகளில் பூங்கொத்து இலைக்கக்கத்திலிருந்து, அதாவது இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கிலிருந்து, வரும். நம் பைப்பர் கொடிகளில் அது இலைக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து வரும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிப் படங்களை எனக்கு அனுப்ப வேண்டியிருக்காது.

3. தெளிவான இலைப்படம் அனுப்பினேன். ஏன் பெயர் சொல்ல மறுக்கிறீர்கள்?

ஒருமுறை சொல்லித் தலைகுனிந்ததால். சில வருடங்களுக்கு முன் ஒரு பலாமரத்தின் அடியில், பட்டையோடு ஒட்டி ஏறிய கொடி ஒன்றின் படம் வந்தது. அகன்ற இதய வடிவ இலைகள். மிளகு இப்படி இருக்காது, வேறு இனம் என்று உறுதியாக எழுதி அனுப்பினேன். நண்பர் ஏணி போட்டு ஏறி, அதே கொடியின் பத்தடி உயரத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்பினார். அங்கே நீண்ட முட்டை வடிவ இலைகள், நடுவே சரம் சரமாக நல்ல மிளகு.

மிளகுக் கொடியில் ஏறும் தண்டு வேறு, அதிலிருந்து பக்கவாட்டில் வந்து காய்க்கும் கிளை வேறு, தரையில் ஓடும் ஓடுகொடி வேறு. இவற்றின் இலைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே கொடியின் இரண்டு இலைகளைத் தனித்தனியாகக் காட்டினால் இரண்டு இனம் என்றுதான் யாரும் சொல்வார்கள். வேறு பைப்பர் கொடிகளிலும் இந்த வேறுபாடு உண்டு. ஆகவே இலைப்படம் வந்தால், அந்த இலை கொடியின் எந்தப் பகுதியில் இருந்தது என்று கேட்பேன். பதில் வராவிட்டால் ‘பைப்பர்’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

4. சரி, எந்தெந்தப் படங்கள் எடுக்க வேண்டும்? ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள்.

கொடி முழுவதும், அது ஏறியிருக்கும் மரத்தோடு, எட்ட நின்று ஒரு படம். காய்க்கும் கிளை ஒன்று, ஏறும் தண்டின் இலை ஒன்று. இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டும். புடைத்த கணு. வளரும் நுனி; அது பச்சையா, ஊதா கலந்ததா என்பது உதவும். கதிர் இருந்தால் மூன்று படம்: தொங்குகிறதா நிமிர்கிறதா என்று தெரியும்படி ஒன்று, அருகிலிருந்து ஒன்று, ஒரு காய்க்கும் அடுத்த காய்க்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும்படி மிக மிக அருகிலிருந்து ஒன்று. பக்கத்தில் அளவுகோலோ ஒரு ரூபாய் நாணயமோ இருக்கட்டும். உங்கள் விரல் வேண்டாம். உங்கள் விரல் எவ்வளவு பருமன் என்று எனக்குத் தெரியாது.

ஃபிளாஷ் போடாதீர்கள். பளபளப்பான இலையில் நரம்புகள் மறைந்துவிடும், இல்லாத வெள்ளி மினுமினுப்பு வந்துவிடும் (10ஆம் கேள்வியில் இது எவ்வளவு தொல்லை என்று பார்ப்பீர்கள்). இலையை வானத்துக்கு எதிரே பிடித்து, ஒளி பின்னாலிருந்து ஊடுருவும்படி எடுத்தால் நரம்பு எல்லாம் கோட்டோவியம் போலத் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி, பார்க்க வேண்டிய நுண்மயிரெல்லாம் கரைந்துபோகிறது.

5. எந்த மாதத்தில் போனால் கதிர் கிடைக்கும்?

மிளகு தென்மேற்குப் பருவமழையோடு பூக்கும். ஜூன், ஜூலையில் இளங்கதிர்களைப் பார்க்கலாம். காய் முற்றிப் பழுப்பது டிசம்பர் முதல் மார்ச் வரை, உயரத்தைப் பொறுத்து முன்னே பின்னே. இரண்டு முறை போக முடிந்தால் நல்லது. ஒரே முறைதான் என்றால் காயுள்ள காலத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். அட்டையும் அப்போது குறைவு.

6. கதிர், கதிர் என்கிறீர்களே, அதில் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள்?

மூன்று விஷயங்கள். முதலாவது, நிலை. மிளகின் கதிர் தொங்கும்; அதனால்தான் தோட்டத்தில் அதைச் சரம் என்கிறோம். திப்பிலியின் கதிர் நிமிர்ந்து நிற்கும். பைப்பர் முல்லேசுவா என்ற கொடியிலும் நிமிர்ந்துதான் நிற்கும், ஆனால் கதிர் என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். அவ்வளவு குட்டை, சிறு உருண்டை போலத் திரண்டிருக்கும். அதன் இலையும் ஒடுங்கி நீண்டிருக்கும், இதய வடிவம் இல்லை. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லக்கூடிய ஒரே காட்டு மிளகு என்று இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, காய்கள் தனித்தனியா, ஒன்றோடொன்று ஒட்டியவையா. மிளகில் ஒவ்வொரு மணியும் தனி. நகத்தால் ஒன்றை மட்டும் கிள்ளி எடுக்கலாம். திப்பிலியிலும் வெற்றிலையிலும் காய்கள் கதிர்த்தண்டோடு புதைந்து ஒரே சதைக்குச்சி போல ஆகிவிடும்.

மூன்றாவதுதான் நுட்பமானது. ஒவ்வொரு பூவின் அடியிலும் ஒரு சிறு செதில் இருக்கும், பூவடிச்செதில் என்பார்கள். மிளகில் அது கதிர்த்தண்டோடு ஒட்டிக் கிடக்கும், எளிதில் கண்ணில் படாது. பைப்பர் கேலியேட்டம், பைப்பர் ட்ரைக்கோஸ்டாக்கியான் என்ற இரண்டு இனங்களில் அது தடித்துச் சதைப்பற்றோடு கிண்ணம் போல எழுந்து காயைத் தாங்கும். கேலியேட்டம் என்றால் தலைக்கவசம் அணிந்தது என்று பொருள். ட்ரைக்கோஸ்டாக்கியான் என்றால் மயிருள்ள கதிர். பெயர் வைத்தவர்கள் நமக்கு விடையைக் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கிண்ணமும் மயிரும் தெரியும்படி படம் எடுப்பது நம் வேலை.

7. நிமிர்ந்த கதிர், தரையில் படர்ந்திருக்கிறது. திப்பிலியா, காட்டு வெற்றிலையா?

நீங்கள் சொல்லும் இரண்டு அடையாளமும் திப்பிலிக்கே பொருந்துகின்றன. உறுதிப்படுத்த மேல் இலைகளைப் பாருங்கள். திப்பிலியில் கீழ் இலைகளுக்கு நீண்ட காம்பு இருக்கும். நுனிக்குப் போகப் போகக் காம்பு குறைந்து, கடைசி இலைகள் தண்டைத் தழுவியபடி உட்கார்ந்திருக்கும். வெற்றிலையில் எல்லா இலைக்கும் காம்பு உண்டு, கதிரும் தொங்கும். கொடிக்காலில் வெற்றிலை காய்த்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கொடியை வெட்டி நட்டே பெருக்குவதால் ஒரு தோட்டம் முழுவதும் ஆண்கொடியாகவோ பெண்கொடியாகவோ ஒரே பாலாக இருப்பது வழக்கம்.

8. எங்கள் எல்லையோரக் கொடியில் வருடா வருடம் கதிர் வருகிறது, ஒரு காய்கூடப் பிடிப்பதில்லை. வேறு இனமா?

வேறு இனமாக இருக்க வேண்டியதில்லை, ஆண்கொடியாக இருக்கலாம். தோட்டத்து மிளகில் பெரும்பாலும் ஒரே பூவில் ஆண், பெண் இரண்டும் இருக்கும். நல்ல விளைச்சல் தரும் கொடிகளையே தலைமுறை தலைமுறையாக வெட்டி நட்டதால் வந்தது அது. காட்டுக்கொடிகளில் ஆண் தனி, பெண் தனி என்பதே வழக்கம். ஆண்கதிர் மெலிந்து, மஞ்சள் பூத்து, மகரந்தம் உதிர்ந்ததும் தானும் உதிர்ந்துவிடும்.

இனம் பிரிப்பதில் இது பெரிய இடைஞ்சல். 6ஆம் கேள்வியில் சொன்ன காய் அடையாளங்கள் ஆண்கொடியில் ஒன்றுமே கிடைக்காது. பக்கத்தில் அதே போன்ற பெண்கொடி இருக்கிறதா என்று தேடி அதையும் படம் எடுப்பதுதான் வழி.

9. அப்படியானால் காய்க்கும் கொடி எல்லாம் தோட்டத்திலிருந்து தப்பியது, காய்க்காதது எல்லாம் காட்டுக்கொடி என்று கொள்ளலாமா?

கூடாது. காட்டுப் பெண்கொடியும் அருகில் ஆண் இருந்தால் காய்க்கும். பழுத்த மிளகைப் பறவைகள் தின்று விதையை எங்கெங்கோ போடுகின்றன. காபித் தோட்டத்து ஓரச் சோலையில் முளைத்தது பழைய காட்டு வம்சமா, போன தலைமுறையில் தப்பிப்போனதா என்பதைப் படத்திலிருந்து சொல்ல முடியாது. சுற்றுப்புறத்தைக் கேட்டு ஊகிக்கத்தான் முடியும். எஸ்டேட் வேலியிலிருந்து நூறு மீட்டரில் என்றால் நான் சந்தேகப்படுவேன்; ஒரு நாள் நடந்து போக வேண்டிய உட்காடு என்றால் சந்தேகம் குறையும்.

10. இலையின் அடிப்பக்கம் வெள்ளி போல மின்னுகிறது. பைப்பர் ஆர்ஜைரோஃபில்லம் தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெயரையும் தேடிப் படித்துவிட்டே வருகிறார்கள். ஆர்ஜைரோஃபில்லம் என்றால் வெள்ளியிலை என்பது சரிதான். ஆனால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் எந்த இலையும் வெள்ளியிலைதான். பகல் நிழலில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படத்திலும் அந்த வெளிர்நிறம் தெரிந்தால் பேசலாம்.

அதோடு சேர்ந்து குழப்பும் இன்னும் இரண்டு உண்டு. பைப்பர் ஹைமனோஃபில்லம் காகிதம் போன்ற மெல்லிய இலையும் மென்மயிரும் உள்ளது. இலையை மடித்து, மடிப்பின் ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே படம் எடுத்தால் மயிர் தெரியும். பைப்பர் அட்டெனுவேட்டத்தின் அடையாளம் அதன் கதிர்: மெலிந்து நீண்டு தொங்கும், காய்கள் சிறியவை, பல் விழுந்த வாய் போல இடைவெளி விட்டு இருக்கும். மிளகுச் சரத்தின் நெருக்கம் அதில் இல்லை. கதிர் இல்லாத இலைப்படத்தில் இந்த மூன்றையும் பிரிக்க நான் முயல்வதில்லை.

11. நரம்பு எண்ணிக்கை வைத்து இனம் சொல்லலாம் என்று படித்தேன். என் கொடியில் 7 இருக்கிறது.

மிளகிலும் 5, 7 என்று இருக்கும், மற்றவற்றிலும் இருக்கும். எண்ணிக்கையைவிட நரம்பு எங்கே பிரிகிறது என்பதே பயன்படும். மிளகின் காய்க்கும் கிளை இலையில், நடுநரம்புக்கு அடுத்த இணை இலையின் அடியிலிருந்து புறப்படாது. ஓரிரு சென்டிமீட்டர் நடுநரம்போடு போய்ப் பிறகு பிரியும். திப்பிலியில் நரம்புகள் அடியிலிருந்தே விசிறிபோல விரியும். இதற்காகத்தான் 4ஆம் கேள்வியில் ஒளிக்கு எதிரே பிடிக்கச் சொன்னேன்.

12. செயலியில் போட்டுப் பார்த்தேன், ‘பைப்பர் நைக்ரம்’ என்று அடித்துச் சொல்கிறது. அதற்கு மேல் உங்களுக்கு என்ன தெரியும்?

கோபம் இல்லை, நானும் செயலி பயன்படுத்துகிறேன். மிளகா, வள்ளிக்கொடியா என்ற அளவில் அது பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. ஆனால் அது ஏற்கெனவே பார்த்த படங்களிலிருந்துதான் ஊகிக்கிறது. உலகெங்கும் பயிராகும் மிளகுக்குப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. நம் சோலையில் மட்டும் இருக்கும் ஒரு கொடிக்கு மிகக் குறைவு. எனவே ஐயம் வந்தால் தனக்குப் பழக்கமான முகத்தின் பெயரைச் சொல்லிவிடும். நான் பலாமரத்தடியில் செய்த தவறுக்கு நேர் எதிரான தவறு.

13. நாற்றங்காலுக்குப் பக்கத்தில், மரம் ஏறாமல் தானாகப் புதராக நிற்கும் மிளகு ஒன்று இருக்கிறது. புது இனமா?

நம் மலைக்குப் புதியதுதான். பெரும்பாலும் அது பைப்பர் கொலுப்ரினம், தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. மிளகை வேரோடு சாய்க்கும் வாடல் நோயைத் தாங்கும் என்பதால் அதன் மேல் நம் மிளகை ஒட்டுக்கட்டுகிறார்கள். மேலே ஒட்டிய மிளகு பட்டுப்போனால் கீழே உள்ள இது துளிர்த்துத் தனி ராஜ்யம் நடத்தும். ஒடுங்கிய இலை, துணையில்லாமல் நிற்கும் தண்டு, ஈரமான இடம் மூன்றும் பொருந்தினால், அந்த இடத்தில் முன்பு யாராவது ஒட்டுக்கன்று நட்டார்களா என்று விசாரியுங்கள்.

14. ஊட்டிப் பக்கச் சோலையில் எடுத்த படம். அவ்வளவு குளிரில் மிளகு வருமா?

சமையல் மிளகு பொதுவாக 1,500 மீட்டருக்கு மேல் போவதில்லை; ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நீலகிரியின் உயர்ந்த சோலைகளில் பைப்பர் ஷ்மிட்டி, பைப்பர் வைட்டி என்ற இரண்டு இனங்கள் இருக்கின்றன. படம் எடுத்த இடத்தின் உயரத்தைச் சொன்னாலே பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். இந்த இரண்டில் எது என்பதற்கு மட்டும் காயுள்ள பெண்கொடி வேண்டும்.

15. மிளகரணை, யானைத்திப்பிலி, வால்மிளகு, காட்டு மிளகாய்… இவையும் இதே குடும்பமா?

வால்மிளகு மட்டும் ஆம். அது பைப்பர் குபேபா, ஜாவாப் பக்கத்துக் கொடி. நாட்டு மருந்துக் கடையில் காம்போடு கிடைக்கும், நம் காட்டில் தேட வேண்டாம். மிளகரணை எலுமிச்சைக் குடும்பத்து முட்கொடி, ஒவ்வோர் இலையும் மூன்று சிற்றிலையாகப் பிரிந்திருக்கும். யானைத்திப்பிலி சேம்புக் குடும்பம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, உறைப்பினால் மிளகின் பெயரைப் பாதி எடுத்துக்கொண்டது. மணத்தக்காளியைக்கூட மிளகுதக்காளி என்கிறோம். பெயரில் மிளகு இருப்பது நாக்கின் சாட்சி, அவ்வளவுதான்.

16. கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

தெரியாது. உறைப்பு பல பைப்பர் இனங்களுக்குப் பொது. மேலும் இது பைப்பர்தானா என்றே சந்தேகத்தில் இருக்கும்போது வாயில் போடுவது மடமை. காட்டில் நஞ்சுக் காய்கள் உண்டு. இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், வாசனையை எழுதி அனுப்புங்கள். ‘வெற்றிலை மணம்’, ‘மணமே இல்லை’ என்ற இரண்டு சொல்லே எனக்குப் போதும்.

17. உறுதிப்படுத்த ஒரு கிளை ஒடித்து வரட்டுமா? இடத்தைப் பொதுவில் போடலாமா?

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் இலை கிள்ளுவதும் குற்றம். உங்கள் சொந்த நிலம் என்றால் தாராளமாக. இடத்தைப் பொறுத்தவரை, மலையின் பெயரும் உயரமும் போதும். பைப்பர் பார்பெரி போன்ற அரிய கொடிகளின் துல்லியமான இடம் வெளியானால் சேகரிக்கிறவர்கள் வந்துவிடுவார்கள். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன் அல்லவா, அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: கைபேசியில் இருப்பிடப் பதிவு இயங்கினால் அந்த விவரமும் கோப்போடு போகும். நம்பிக்கையான ஆளுக்கு மட்டும் அப்படி அனுப்புங்கள்.

18. எல்லாப் படமும் நீங்கள் சொன்னபடியே எடுத்தேன். இப்போதும் ‘தெரியவில்லை’ என்கிறீர்களே!

சில கொடிகளுக்கு அதுதான் நேர்மையான பதில். கேலியேட்டமா ட்ரைக்கோஸ்டாக்கியானா என்பதைப் பூவடிச்செதிலை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாத நாட்கள் உண்டு. காய்க்காத ஆண்கொடிகளில் தோற்றதே அதிகம். அப்படிப்பட்டவற்றைக் கோயம்புத்தூரில் உள்ள மதராஸ் ஹெர்பேரியத்தின் உலர்ந்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் உயிர்க்கொடிகளையே சேகரித்து வளர்க்கிறது.

அதுவரை உங்கள் படத்துக்கு ‘பைப்பர், இனம் தெரியவில்லை, பெண்கொடி தேவை’ என்று பெயரிட்டு, தேதியும் உயரமும் குறித்து வைத்திருக்கிறேன். அந்த உறையில் இப்போது உங்களுடையதோடு சேர்த்து நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. ஜனவரியில் அதே மரத்தடிக்கு மறுபடி போக முடியுமா?